மழுங்கிய பிளேடுதான் டேஞ்சர்! மாடல் மேக்கிங் டூல்ஸ்... எதை வாங்கணும், எப்படிப் பயன்படுத்தணும்?

யூடியூபில் யாரோ ஒருவர் குண்டம் ரோபோவின் பாகங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துச் சேர்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பீர்கள். 'நாமளும் ஒண்ணு செஞ்சு பார்த்தா என்ன?' என்று தோன்றியிருக்கும். ஆர்டர் போட்டாச்சு, பெட்டியும் வந்தாச்சு. திறந்து பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் சட்டங்கள், படம் போட்ட ஒரு கையேடு, கொஞ்சம் ஸ்டிக்கர். வெட்டுவதற்கு மட்டும் எதுவும் இருக்காது. உடனே கை எதைத் தேடும்? நகவெட்டி, கத்தரிக்கோல், சமையலறைக் கத்தி. ஸ்டாப்! முதல் காயத்துக்கு வழி பிறக்கும் இடம் இதுதான்.

ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1980-ல் முதல் குண்டம் கிட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் அளவு 1/144. அதாவது, கதையில் 18 மீட்டர் உயரமுள்ள ரோபோ, உங்கள் மேசையில் 12.5 சென்டிமீட்டர்தான் நிற்கும். அந்த 12.5 சென்டிமீட்டருக்குள் தலை, கை, கால், விரல் எல்லாம் அடங்க வேண்டும் என்றால், சில பாகங்கள் அரிசி மணி சைஸில்தான் இருக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைச் சீவ வேண்டும். கத்திக்கும் விரலுக்கும் நடுவே பெரிய இடைவெளியே கிடையாது.

அதனால், டூல்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு விதியை மனதில் பதிய வையுங்கள். எந்தக் கருவி உங்களைக் குறைவாக அழுத்த வைக்கிறதோ, அதுதான் பாதுகாப்பான கருவி. புது பிளேடு பிளாஸ்டிக்கில் தானாக இறங்கும். மழுங்கிய பிளேடை அமுக்கித் தள்ள வேண்டும். அமுக்கித் தள்ளும் கத்தி வழுக்கினால், அந்த மொத்த வேகத்தோடும் எதிரே இருக்கும் விரலில்தான் போய் நிற்கும். கீழே சொல்லப்போகும் பெரும்பாலான விஷயங்களுக்கும் இந்த ஒரு விதிதான் அடிப்படை.

22 இன் 1 செட் வேண்டாமே!

ஆன்லைனில் தேடினால் பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கிய '22 இன் 1' செட்தான் முதலில் கண்ணில் படும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்கிடாதீங்க. அதில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். தினமும் கையில் எடுக்கப்போகும் கட்டரும் கத்தியும் சுமார் ரகமாக இருந்தால், மீதி 20 இருந்தும் பயனில்லை.

முதல் கிட்டுக்கு இவ்வளவு போதும்: ஒரு நிப்பர், ஒரு ஹாபி கத்தி, ஒரு கட்டிங் மேட், மூன்று நான்கு உப்புத்தாள், ஒரு ட்வீஸர். இவற்றோடு ஒரு ஜோடி பாதுகாப்புக் கண்ணாடி. பட்ஜெட் கம்மியா? நிப்பருக்கும் புது பிளேடுகளுக்கும் முதலில் ஒதுக்குங்கள். மற்றதில் சிக்கனம் பிடிக்கலாம்.

நிப்பர்: ஒரே வெட்டில் முடிக்காதீங்க

பாகங்களைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் சட்டத்துக்குப் பெயர் ரன்னர். பாகத்தையும் ரன்னரையும் இணைக்கும் குட்டிக் காம்பு, கேட். அந்தக் காம்பை வெட்டத்தான் நிப்பர்.

பார்ப்பதற்கு எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சைடு கட்டர் மாதிரியே இருக்கும். ஆனால், இரண்டும் ஒன்றல்ல. வயர் வெட்டும் கட்டரின் வாய் இரண்டு பக்கமும் சரிவாக இருக்கும். அது பிளாஸ்டிக்கைப் பிதுக்கி உடைக்கும். மாடல் நிப்பரின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தட்டையான பக்கத்தைப் பாகத்தை ஒட்டி வைத்தால் வெட்டு சுத்தமாக விழும். தனியாக மாடல் நிப்பர் கிடைக்கவில்லையா? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் 'ஃப்ளஷ் கட்டர்' என்று கேளுங்கள். சர்க்யூட் போர்டு வேலைக்கான அந்தக் கட்டர் ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும்.

வெட்டும் முறை முக்கியம். முதல் வெட்டு, பாகத்திலிருந்து சற்றுத் தள்ளி. பாகம் ரன்னரிலிருந்து விடுபட்டு வந்துவிடும். இரண்டாவது வெட்டு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மிச்சம் விட்டு. அந்த மிச்சத்தைக் கத்தியும் உப்புத்தாளும் பார்த்துக்கொள்ளும். ஒரே வெட்டில் ஒட்ட நறுக்கினால் பிளாஸ்டிக் இழுபட்டு வெள்ளைத் தழும்பு விழும். சில நேரம் பாகத்தில் பள்ளமே விழுந்துவிடும்.

வெட்டுப்பட்ட துண்டு துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும். வெட்டும்போது நிப்பரின் வாயை மேட் பக்கம் திருப்பி, இன்னொரு கையால் மேலே மறைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடச் சொன்னது இதற்குத்தான். பவர் கிளாஸ் போட்டிருப்பவர்களுக்கு ஓரளவு மறைப்பு உண்டு, ஆனால் பக்கவாட்டில் திறந்தே இருக்கும். அதனால் அதற்கு மேலேயே பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளலாம்.

ஒரு கண்டிஷன்... இந்த நிப்பரால் செம்புக் கம்பி, ஸ்டேப்ளர் பின் எதையும் வெட்டாதீங்க. வாய் ஒருமுறை பொத்தலானால் அதற்குப் பிறகு அழுத்தித்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

கத்தி: உடைத்தால் புதுசு

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பேப்பர் கட்டரின் பிளேடில் கோடு கோடாக இருக்கிறதே, அதன் கதை சுவாரஸ்யமானது. 1956-ல் ஜப்பானைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா அந்த பிளேடை வடிவமைத்தார். கோடு போட்ட சாக்லேட் பார் துண்டு துண்டாக உடைவதும், உடைந்த கண்ணாடியின் கூர்மையும்தான் அவருக்கு ஐடியா கொடுத்தன. முனை மழுங்கியதும் ஒரு துண்டை உடைத்தால் அடுத்த முனை புதுசு. பிறகு வந்த ஓல்ஃபா என்ற பிராண்டு பெயருக்கே ஜப்பானிய மொழியில் 'உடைக்கும் பிளேடு' என்றுதான் அர்த்தம். ஆக, உடைப்பதற்காகவே செய்த பிளேடு அது. 'இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே' என்று மிச்சம் பிடிக்காதீங்க.

மாடல் வேலைக்கு 9 மி.மீ. அகலமுள்ள சின்னக் கட்டர் போதும். இன்னும் நுணுக்கமான வேலைக்குப் பேனா மாதிரி பிடிக்கும் ஹாபி கத்தி. அதில் '11-ம் நம்பர்' என்று அழைக்கப்படும் கூர்முனை பிளேடு மாட்டுவார்கள். பேப்பர் கட்டரில், வேலைக்குத் தேவையான ஒரு துண்டு அளவு மட்டும் பிளேடை வெளியே நீட்டுங்கள். நீளமாக நீட்டினால் வளைந்து உடையும். துண்டை உடைக்கும்போது விரலால் முயலாமல், குறடால் பிடித்து, முகத்துக்கு எதிர்ப்பக்கமாக வளையுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு!

பிடிப்பதில் கவனிக்க வேண்டியவை:

* அரிவாள்மனையில் கத்தி அசையாமல் நிற்கும், காய்தான் நகரும். பாட்டியின் விரல்கள் தப்பிப்பதன் ரகசியம் அதுதான். இங்கே கதை தலைகீழ், கத்திதான் நகர்கிறது. எனவே அது போகும் பாதையில் விரல் இருக்கவே கூடாது. வெட்டும் முன், 'இப்போ வழுக்கினா எங்கே போய் நிற்கும்?' என்று ஒரு நொடி பாருங்கள். பதில் விரல் என்றால், பிடியை மாற்றுங்கள்.
* காம்பின் மிச்சத்தை ஒரே சீவலில் எடுக்க வேண்டாம். வெள்ளரிக்காய்த் தோலைச் சீவுவது போல மெல்லிய அடுக்குகளாக மூன்று நான்கு முறை.
* தரையில் சம்மணம் போட்டு, மடியில் வைத்து வெட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். கத்தி நழுவினால் தொடையில்தான் இறங்கும். மேசை நாற்காலிதான் சரி.
* கத்தி கீழே விழுகிறதா? விழட்டும். பிடிக்கப் போகாதீங்க. காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். பிளேடு உடைந்தால் புதுசு போட்டுக்கொள்ளலாம்.
* உருண்டைக் கைப்பிடி மேசையில் உருளும். பின்பக்கத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வையுங்கள். உருளாது.
* போன் அடித்தால் முதலில் கத்திக்கு மூடி போடுங்கள். அப்புறம் போனை எடுக்கலாம்.

மேட்டும் ஸ்டீல் ஸ்கேலும்

கட்டிங் மேட் என்பது மேசையைக் காப்பாற்ற மட்டும் இல்லை. கண்ணாடியிலோ மைக்காவிலோ வைத்து வெட்டினால் பிளேடு வழுக்கும், சீக்கிரம் மழுங்கும். மேட்டின் மேல்பரப்பு பிளேடின் முனையைக் கொஞ்சம் உள்வாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஏ4 அளவு ஆரம்பத்துக்குப் போதும். வெயிலில் வைத்தாலோ, மேலே சூடான டீ கிளாஸை வைத்தாலோ வளைந்துவிடும். வளைந்த மேட் மறுபடி நேராவது கஷ்டம்.

நேர்கோட்டில் வெட்ட ஸ்டீல் ஸ்கேல் மட்டும்தான். பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்தால் பிளேடு அதன் ஓரத்தையே சீவிக்கொண்டு மேலே ஏறி, ஸ்கேலைப் பிடித்திருக்கும் விரலுக்கு வந்துவிடும். ஸ்டீலே ஆனாலும் விரல் நுனிகள் ஓரத்தைத் தாண்டாமல் உள்ளே இருக்கட்டும். ஃபோம் போர்டு, தடித்த அட்டை என்றால் முதல் கோடு லேசாக, இரண்டாவது அதே தடத்தில், மூன்றாவதில் துண்டாகும்.

உப்புத்தாள்: தண்ணீரைத் தொட்டுக்கோங்க

பெயின்ட் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் கறுப்பு நிற உப்புத்தாள் கொடுப்பார்கள். நம்பர் கூடக்கூட நைஸ். 400, 600, 800, 1000 என்று ஒவ்வொன்று வாங்கினால் பல கிட்டுகளுக்கு வரும். சின்னதாக வெட்டி ஐஸ்க்ரீம் குச்சியில் ஒட்டினால், செலவே இல்லாத அரம் ரெடி.

உலர்வாகத் தேய்த்தால் பொடி பறக்கும். அது மூக்குக்குள்தான் போகும். தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பொடி சேறாகி அங்கேயே நின்றுவிடும், பாகமும் வழவழப்பாக வரும். ரெசின் பாகங்களைத் தேய்ப்பதாக இருந்தால் நனைத்துத் தேய்ப்பதோடு என்95 மாஸ்க்கும் கட்டாயம். முடிந்ததும் பொடியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பசை: எதற்கு எது?

இப்போது வரும் பெரும்பாலான குண்டம் கிட்டுகளுக்குப் பசையே வேண்டாம். பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று 'டக்'கென்று பொருந்தும். விமானம், கப்பல், டாங்கி கிட்டுகளுக்குத்தான் பசை தேவைப்படும்.

பிளாஸ்டிக் சிமென்ட் என்பது ஒட்டும் பசை அல்ல, பிளாஸ்டிக்கையே இளக்கி இரண்டையும் ஒன்றாக்கும் கரைப்பான். ஒரு துளி போதும். இதன் நெடியை மூச்சில் இழுக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஏ.சி. போட்டு மூடிய ரூமில் வேண்டவே வேண்டாம்.

ஃபெவிக்விக் போன்ற சூப்பர் குளூவில் மூன்று விஷயங்கள் கவனம். ஒன்று, சிந்தினால் பஞ்சாலோ காட்டன் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் அது சூடாகி, புகையே வரலாம், தோல் சுடும். இரண்டு, விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்க வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரும் விரலுக்கு உதவும். கண், வாய் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகக் கூடாது. மூன்று, சூப்பர் குளூவைக் கண் சொட்டு மருந்து இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டு பாட்டிலும் ஒரே சைஸ். அவசரத்தில் மாற்றி எடுத்துக் கண்ணில் விட்டவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அப்படி நடந்தால் இமையை வலுக்கட்டாயமாகத் திறக்காமல், தண்ணீரால் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

தெர்மாகோலில் மாடல் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சூப்பர் குளூவும் ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மாகோலை அரித்துத் தின்றுவிடும். அதற்கு ஃபெவிகால் வகைப் பசையும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டும்தான் சரி.

ஸ்ப்ரே, தின்னர்: கொசுவத்தியை அணைச்சாச்சா?

ஸ்ப்ரே கேன், தின்னர், லேக்கர் பெயின்ட் எல்லாமே தீப்பிடிக்கும் பொருள்கள். அவற்றின் ஆவி கண்ணுக்குத் தெரியாது, ரூம் முழுக்கப் பரவும். பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, கொசுவத்தி... எது எரிந்தாலும் வேலையை ஆரம்பிக்காதீங்க. மொட்டைமாடியில் காற்றோட்டமாகச் செய்வது நல்லது. வேலை முடிந்ததும் கேனை அங்கேயே வெயிலில் விட்டுவிட்டு வந்துடாதீங்க. சூடேறினால் வெடிக்கக்கூடும்.

மாஸ்க் விஷயத்தில் பலருக்கும் ஒரு குழப்பம். துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இங்கே உதவாது. என்95 தூசியைத் தடுக்கும், ஆனால் தின்னரின் ஆவியைத் தடுக்காது. ஆவிக்கு, கரி நிரப்பிய ஃபில்டர் மாட்டிய ரெஸ்பிரேட்டர்தான் வேண்டும். எளிய டெஸ்ட்: மாஸ்க் போட்ட பிறகும் நெடி தெரிந்தால், அந்த மாஸ்க் உங்களைக் காப்பாற்றவில்லை. முதல் சில கிட்டுகளை அக்ரிலிக் பெயின்ட், பிரஷ் என்று முடித்துக்கொள்வது பர்ஸுக்கும் நல்லது, நுரையீரலுக்கும் நல்லது.

இன்னொன்று, தின்னரைக் குடிக்கும் தண்ணீர் பாட்டிலிலோ டம்ளரிலோ ஊற்றி வைக்கவே கூடாது. வீட்டில் யாராவது தாகத்தில் எடுத்துக் குடித்துவிட்டால்? அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால் இன்னும் மோசம். அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில் குட்டிப் பசங்க இருக்காங்களா?

சின்ன பாகங்கள் குழந்தைகளின் தொண்டையில் சிக்கும். எல்.இ.டி. விளக்குக்குப் போடும் பட்டன் பேட்டரி அதைவிட ஆபத்து. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். 'வெளியே வந்துடும்' என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனை. வேலை பாதியில் நின்றாலும் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூடி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வெட்டுப்பட்டால்?

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒருநாள் கீறல் படும். ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், கையைத் தூக்கி வையுங்கள். நடுநடுவே 'நின்னுடுச்சா?' என்று எடுத்துப் பார்த்தால் மறுபடி ரத்தம் வரும். காபித்தூள், மஞ்சள்தூள் எதையும் வைத்து அப்ப வேண்டாம். காயத்தில் அழுக்கு சேரும், தையல் போட வரும் டாக்டருக்கும் வேலை கூடும்.

10 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, காயம் வாய் பிளந்திருக்கிறது, விரல் நுனி மரத்துப்போயிருக்கிறது, விரலை மடக்க முடியவில்லை... இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பழைய பிளேடு எங்கே போகணும்?

உங்கள் விரலைக் காப்பாற்றியாச்சு. இன்னொருவர் விரலும் இதில் இருக்கிறது. குப்பைத்தொட்டியில் அப்படியே போட்ட பிளேடு, அடுத்த நாள் காலையில் குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில்தான் ஏறும். அது எந்த ஊர் பிளேடு, எங்கே கிடந்தது என்று எதுவும் அவருக்குத் தெரியாது.

தீர்வு ரொம்ப ஈஸி. ஒரு பழைய மாத்திரை டப்பாவையோ தகர டின்னையோ எடுத்து, மூடியில் ஒரு கீறல் போட்டு, பழைய பிளேடுகளை அதில் சேருங்கள். நிரம்பியதும் டேப் சுற்றி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கையில் கொடுத்துச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து என்ன வாங்கலாம்?

இரண்டு மூன்று கிட் முடித்த பிறகு, துளை போடக் கையால் சுற்றும் பின் வைஸ், கழுத்தை வளைக்கும் டேபிள் லேம்ப், நல்ல அரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். மோட்டாரில் சுற்றும் ரோட்டரி டூலுக்கு அவசரமே இல்லை. அதன் வேகத்தில் பிளாஸ்டிக் இளகிவிடும். பின்னாளில் வாங்கினாலும் அதை ஓட்டும்போது துப்பட்டா, தொங்கும் சங்கிலி, விரித்த முடி, துணிக் கையுறை எதுவும் கூடாது. சுற்றும் முனையில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

மற்றபடி, ஒரு கிட்டை ஒரே ராத்திரியில் முடித்துவிட யாரும் பரிசு கொடுக்கப்போவதில்லை. கண் சொருகுதா? மூடியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்க. ரோபோவுக்குக் கை இல்லாவிட்டால் நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம். உங்கள் கைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது பாஸ்!